வலைப்பதிவுகளின் வரலாறு – 9: ஊர் சுற்றிய திருவிழாக்கள்

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிளாக்கர் சேவையும், 2001இல் வந்த மூவபிள் டைப் மென்பொருளும், நிரல்மொழி அறியாதவரும் இணையத்தில் எழுதலாம் என்ற நிலையை உருவாக்கியதை முந்தைய பகுதிகள் விளக்கின. எழுதுவது எளிதானதும் எழுதுவோர் பெருகினர். ஆனால் வாசகர்கள் அவர்களிடையே சமமாகப் பங்கிடப்படவில்லை. முன்பே பெயர் பெற்ற சில பதிவர்களிடம் கூட்டம் குவிய, புதிதாக வந்தவர்கள் தம் நண்பர்கள் சிலருக்காக மட்டுமே எழுதிக்கொண்டிருந்தனர். இந்த ஏற்றத்தாழ்வுக்கு எந்த நிறுவனத்தின் துணையும் இன்றிப் பதிவர்கள் தாமே கண்ட தீர்வுதான் 'பிளாக் கார்னிவல்' என்னும் பதிவுத் திருவிழா. ஒரு குறிப்பிட்ட துறையைச் சார்ந்த நல்ல பதிவுகளைத் திரட்டி, சுட்டிகளுடனும் அறிமுகக் குறிப்புகளுடனும் ஒரே இடுகையாக வெளியிடுவதும், அப்படி வெளியிடும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் வேறொரு வலைப்பதிவுக்குச் சுழன்று செல்வதும் அதன் இலக்கணம். 2002 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செழித்த இவ்வடிவத்தின் தோற்றமும் இயக்கமும் தேய்வும் இப்பகுதியின் பொருள்.

சுட்டிகளின் பொருளாதாரம்

ஓர் இணையப் பக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு வாசகரை அழைத்துச் செல்லும் இணைப்பு சுட்டி எனப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் விளக்கிய பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, சுட்டுகிற பக்கங்கள் தாமே எவ்வளவு சுட்டப்பெற்றவை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு அதன் முக்கியத்துவத்தை மதிப்பிட்டது. கூகுள் தேடுபொறி இம்முறையைக் கையாண்டதால், ஒருவர் மற்றவரைச் சுட்டுவது வெறும் நட்புச் செயலாக இல்லாமல், தேடல் முடிவுகளில் மேலே வருவதற்கான மூலதனமாகவும் ஆயிற்று. எந்தப் பதிவை யார் யார் சுட்டுகிறார்கள் என்று காட்டுவதற்கென்றே டேவிட் சிஃப்ரி 2002இல் டெக்னோரட்டி தளத்தைத் தொடங்கியபோது, இந்த மூலதனத்தின் இருப்பு அனைவருக்கும் தெரியும்படி எண்களாகவே வெளிப்பட்டது.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிளென் ரெனால்ட்ஸ் 2001 ஆகஸ்டில் தொடங்கிய 'இன்ஸ்டாபண்டிட்', அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு பெருங்கூட்டத்தை ஈர்த்த பதிவுகளில் முதன்மையானது. அவர் ஒரு வரியில் ஒரு சிறு பதிவைச் சுட்டினால், அன்று அதன் வழங்கி தாங்க முடியாத அளவுக்கு வாசகர்கள் அங்கே வந்து குவிந்தனர். மறுநாளோ மறுவாரமோ எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பியது. இணையச் சமூகங்களை ஆராய்ந்துவந்த கிளே ஷிர்க்கி 2003 பிப்ரவரியில் வெளியிட்ட கட்டுரையில், 433 வலைப்பதிவுகளுக்கு வந்த சுட்டிகளை எண்ணிப் பார்த்து, முதல் 12 பதிவுகள் 20 விழுக்காட்டையும் முதல் 50 பதிவுகள் சரிபாதியையும் பெற்றிருப்பதைக் காட்டினார். இதற்குச் சூழ்ச்சி எதுவும் காரணமல்ல என்பதும், பலர் பலவற்றிலிருந்து தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் எந்த அமைப்பிலும் இப்படிப்பட்ட குவிதல் தானாகவே நிகழும் என்பதும் அவருடைய வாதம். ஆகவே புதிய பதிவர் ஒருவருக்கு இரண்டு வழிகளே இருந்தன: பெரிய பதிவர் ஒருவரின் கடைக்கண் பார்வைக்குக் காத்திருப்பது, அல்லது சிறியவர்கள் ஒன்றுகூடித் தமக்குள் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்வது.

2002 செப்டம்பர்

இரண்டாவது வழியை முதலில் செயல்படுத்தியது 'சில்ஃப்ளே ஹ்ராகா' என்ற அமெரிக்கக் கூட்டு வலைப்பதிவு. ரிச்சர்டு ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலில் முயல்கள் பேசும் கற்பனை மொழியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட அப்பதிவில், 'பிக்விக்' என்ற புனைபெயரில் எழுதியவர் 2002 செப்டம்பரில் 'கார்னிவல் ஆஃப் தி வேனிட்டீஸ்' என்பதைத் தொடங்கினார். பதிவர் ஒவ்வொருவரும் அண்மையில் தாம் எழுதியவற்றுள் சிறந்ததென்று கருதும் ஒன்றை அனுப்பவேண்டும்; வந்தவை அனைத்தும் ஒரே இடுகையில் சுட்டப்படும். தன் எழுத்தைத் தானே முன்மொழிவதில் உள்ள தற்பெருமையைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டு கேலி செய்ததால், அனுப்புவோரின் கூச்சமும் ஓரளவு நீங்கியது. தொடக்க இதழ்கள் அந்த வலைப்பதிவிலேயே வந்தன; பின்னர் அவற்றைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பு வாரந்தோறும் வேறுவேறு பதிவர்களிடம் கைமாறத் தொடங்கியது.

இந்தக் கைமாற்றமே வடிவத்தின் உயிர்நாடி. சுட்டிகளைத் தொகுத்துத் தருவது புதிதன்று. ஜோர்ன் பார்கர் 1997 டிசம்பரில் தொடங்கிய வலைப்பதிவு உட்பட முன்னோடிப் பதிவுகள் பலவும் அடிப்படையில் சுட்டித் தொகுப்புகளே. ஆனால் அவற்றில் தொகுப்பவர் நிலையானவர் என்பதால், வாசகர் கூட்டமும் அவரிடமே நிலைத்துவிட்டது. திருவிழாவிலோ தொகுக்குமிடம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் இருநூறு வாசகர் மட்டுமே வரும் பதிவு ஒன்றில் இதழ் வெளியாகிறதென்றால், அதில் இடம்பெற்ற முப்பது பேரும் தத்தம் வாசகரை அங்கே அனுப்புவார்கள். அடுத்த வாரம் அதே கூட்டம் வேறொரு சிறிய பதிவை அறிந்துகொள்ளும்.

அச்சுலகில் இதற்கு முன்னோர் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1876இல் உருவான தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம், சிறிய கை அச்சுப்பொறிகளில் தாமே அச்சிட்ட இதழ்களை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் பழக்கத்தை முறைப்படுத்தியது. அறிபுனை ரசிகர்களுக்காக டொனால்டு வோல்ஹைம் 1937இல் தொடங்கிய சங்கமோ, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இதழின் பிரதிகளை ஒருவரிடம் அனுப்ப, அவர் அவற்றைக் கட்டாகச் சேர்த்து அனைவருக்கும் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைக் கையாண்டது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒருவரே என்பதிலும், தொகுக்கும் உழைப்பு ஊதியமற்றது என்பதிலும் பதிவுத் திருவிழா இவற்றின் வாரிசு. எனினும் அச்சங்கங்கள் உறுப்பினருக்குள் மூடிய வட்டங்களாக இருந்தன. திருவிழாவின் இதழை யாரும் வாசிக்கலாம், யாரும் அதற்கு எழுதி அனுப்பலாம்.

ஓர் இதழ் உருவாகும் விதம்

முதிர்ந்த திருவிழா ஒவ்வொன்றிலும் இரண்டு பொறுப்புகள் தெளிவாகப் பிரிந்திருந்தன. திருவிழாவுக்கென ஒரு முகப்புப் பக்கத்தை வைத்து, வரவிருக்கும் மாதங்களின் அட்டவணையையும் பழைய இதழ்களின் பட்டியலையும் பராமரித்து, விதிகளைக் காத்தவர் ஒருங்கிணைப்பாளர். குறிப்பிட்ட ஓர் இதழைத் தன் வலைப்பதிவில் நடத்தியவர் அந்த இதழின் பொறுப்பாசிரியர். முன்னவர் பணி ஆண்டுக்கணக்கில் நீளும், வெளியே தெரியாத ஒன்று. பின்னவர் பணி சில நாட்களில் முடியும், ஆனால் அனைவரின் பார்வையும் படும் ஒன்று.

பொறுப்பாசிரியரின் வேலை ஏறத்தாழ ஒரு சிற்றிதழ் ஆசிரியரின் வேலையே. இரண்டு வாரங்களுக்கு முன்பாக அறிவிப்பு இடவேண்டும். அனுப்பவேண்டிய மின்னஞ்சல் முகவரி, கடைசி நாள், ஒருவர் எத்தனை பதிவுகள் அனுப்பலாம், பதிவு எவ்வளவு அண்மையதாக இருக்கவேண்டும் ஆகியவை அதில் இருக்கும். வந்தவற்றை எல்லாம் படித்து, துறைக்குப் புறம்பானவற்றையும் தரம் குன்றியவற்றையும் விலக்கி, மீதியைப் பொருள்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வாசகரைச் சுண்டியிழுக்கும் இரண்டொரு வரிகள் எழுதி, சுட்டிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்து, அறிவித்த நாளில் இதழை வெளியிடவேண்டும். முப்பது பதிவுகள் வந்தால் முப்பதையும் முழுமையாக வாசிக்காமல் அந்த இரண்டொரு வரிகளை எழுத முடியாது. வாசிக்காமல் எழுதியவரை வாசகர்கள் உடனே கண்டுகொண்டனர்.

இதழின் வடிவம் பொறுப்பாசிரியரின் கற்பனைக்கு விடப்பட்டது. சிலர் உபதலைப்புகளுடன் எளிய பட்டியலாகத் தந்தனர்; வேறு சிலர் இதழ் முழுவதையும் ஒரு நாடகமாகவோ கடிதமாகவோ உணவகத்தின் விலைப்பட்டியலாகவோ அமைத்தனர். கற்பனை மிகுந்த அமைப்பு பேச்சுக்கு இடமளித்தாலும், அதன் அலங்காரத்தில் பதிவுகளே மறைந்துபோகும் இடர் இருந்தது. கணிதத் திருவிழாவில் நிலைத்த வழக்கம் ஒன்று இதற்கு நல்ல மாற்று: ஒவ்வோர் இதழும் தன் வரிசை எண்ணின் கணிதச் சிறப்புகளைச் சொல்லித் தொடங்கும். இதழின் எண் 28 என்றால், தன்னைத் தவிர்த்த வகுத்திகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 28 ஆகவே வருவதை எடுத்துக்காட்டி, அடுத்த பத்தியிலேயே பதிவுகளுக்குள் நுழைந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் புதிய சரக்குக் கிடைக்கும். இதழுக்கு இதழ் தொடர்ச்சியும் இருக்கும்.

துறைகள் பிரிந்த காலம்

எல்லாவற்றையும் ஏற்ற முதல் திருவிழா சில மாதங்களிலேயே பருத்துவிட்டது. அரசியலும் சமையலும் குடும்பக் கதையும் ஒரே இதழில் வரும்போது, எந்த வாசகருக்கும் அதில் பத்தில் ஒன்றே பயன்பட்டது. 2003இல் வணிகமும் பொருளியலும் சார்ந்த 'கார்னிவல் ஆஃப் தி கேப்பிட்டலிஸ்ட்ஸ்' பிரிந்து வந்ததும், துறைவாரித் திருவிழாக்களின் காலம் தொடங்கியது.

2004ஆம் ஆண்டு இவ்வகையில் திருப்புமுனை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வளாகத்தில் உயிரியல் கற்பித்த பி.இசட். மையர்ஸ் தொடங்கிய 'டேங்கிள்டு பேங்க்', இயற்கையையும் அறிவியலையும் பற்றிய பதிவுகளை இரு வாரத்துக்கு ஒருமுறை திரட்டியது. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் இறுதிப் பத்தியில் வரும் செடிகொடி பின்னிய கரையின் காட்சியே அப்பெயருக்கு மூலம். மெய்யியலுக்கு ரிச்சர்டு சாப்பெல் ஒரு திருவிழாவைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். செப்டம்பரில் நிக்கோலஸ் ஜீன்ஸ் மருத்துவப் பதிவர்களுக்காக 'கிராண்ட் ரவுண்ட்ஸ்' என்பதைத் தொடங்கினார். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூத்தவரும் இளையவரும் கூடி, ஒரு நோயாளியின் நிலையை முன்வைத்து விவாதிக்கும் மரபுக்கு அப்பெயர் உண்டு. இத்திருவிழாவோ மருத்துவர்களுடன் செவிலியரையும் மாணவரையும் நோயாளிகளையும்கூட அந்த விவாதத்தில் சேர்த்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமைதோறும் தவறாமல் வெளிவந்த அதற்கு முன்னோட்டமாக, அந்த வாரப் பொறுப்பாசிரியரை அறிமுகம் செய்யும் பத்தியை மெட்ஸ்கேப் என்ற மருத்துவச் செய்தித் தளம் வெளியிட்டது. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்றைத் தொழில்முறை ஊடகம் பொருட்படுத்தியதற்கு அது சான்று.

வரலாற்றுத் துறையில் ஷரன் ஹோவர்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றப் பழைய ஆவணங்களை இணையத்தில் ஏற்றிய திட்டத்தில் பின்னாளில் பணியாற்றிய அவர், 2004இல் தொடக்க நவீனக் கால ஐரோப்பிய வரலாற்றுக்கென 'கார்னிவலெஸ்க்' என்பதையும், 2005 ஜனவரியில் எல்லாக் கால வரலாற்றுக்குமான 'ஹிஸ்டரி கார்னிவல்' என்பதையும் தொடங்கினார். 2005இல் பறவை நோக்குவோருக்காக மைக் பெர்ஜின் 'ஐ அண்ட் தி பேர்டு' என்பதையும், அக்டோபரில் நாட்டலி பென்னட் 'கார்னிவல் ஆஃப் ஃபெமினிஸ்ட்ஸ்' என்பதையும் நிறுவினர். பின்னவர் 2012 முதல் 2016 வரை இங்கிலாந்து, வேல்ஸ் பசுமைக் கட்சியின் தலைவராக இருந்தவர். மானிடவியலின் நான்கு கிளைகளையும் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்த்தும் கருத்தில் 2006இல் 'ஃபோர் ஸ்டோன் ஹார்த்' தோன்றியது. மேலே குறிப்பிட்ட கணிதத் திருவிழா 2007இல் தொடங்கியது.

துறைவாரித் திருவிழாக்கள் வாசகரைக் கூட்டியதைவிட, எழுதுவோரைக் கூட்டியதில்தான் அவற்றின் வரலாற்றுப் பயன் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் வலைப்பதிவை ஆய்வுப் பணியாக மதிக்காத அக்காலத்தில், இளம் ஆய்வாளர் பலர் புனைபெயரில் எழுதினர். தம் துறையில் வேறு யார் எழுதுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு திருவிழாவில் மும்முறை அருகருகே இடம்பெற்றவர்கள் ஒருவரையொருவர் வாசிக்கவும் மறுக்கவும் தொடங்கினர். துறை என்ற பெயரில் முன்பு சிதறிக்கிடந்த பதிவுகள், இவ்வாறுதான் தம்மை ஒரு குழுவாக உணர்ந்தன. போரா ஜிவ்கோவிச் முன்னின்று 2007 ஜனவரியில் வெளியிட்ட 'தி ஓப்பன் லேபரட்டரி' என்ற அறிவியல் பதிவுகளின் அச்சுத் தொகுதி, பதிவர்களிடமிருந்து முன்மொழிவுகளைப் பெற்றுத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கத்தைப் புத்தகத்துக்கு எடுத்துச் சென்றது.

அழைப்பும் கைம்மாறும்

திருவிழா ஒன்றின் வெற்றி, இதழ் வெளியான பிறகு செய்யும் விளம்பரத்தைக் காட்டிலும் அதற்கு முன் செய்யும் அழைப்பைப் பொறுத்திருந்தது. பொது அறிவிப்பை மட்டும் நம்பியவர்களுக்கு வழக்கமான பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. தேர்ந்த பொறுப்பாசிரியரோ, கடைசி நாளுக்கு முன்பாகத் தம் துறையின் பதிவுகளைத் தேடிப் படித்து, இன்ன இடுகை இந்த இதழுக்கு ஏற்றது என்று பெயர் குறித்து எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினார். புதியவர் ஒருவருக்கு அப்படி ஒரு கடிதம் கிடைத்தால், அவர் அந்தத் திருவிழாவுக்குப் பல மாதங்கள் விசுவாசமாக இருந்தார். தன் பதிவை மட்டுமன்றிப் பிறர் பதிவையும் முன்மொழியலாம் என்று வரலாற்றுத் திருவிழா போன்றவை வகுத்த விதி, இந்தத் தேடலை வாசகர் அனைவரின் பணியாகவும் மாற்றியது.

இதழ் வெளியானபின் விளம்பரம் பல படிகளில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் முகப்புப் பக்கத்தில் சுட்டியை இட்டார். இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் செய்தி சென்றது. மூவபிள் டைப் 2002இல் அறிமுகப்படுத்திய டிராக்பேக் வசதி, அதாவது ஒரு பதிவு சுட்டப்பட்டதைச் சுட்டப்பட்ட தளத்துக்கே தானாக அறிவிக்கும் ஏற்பாடு, இதைச் சில இடங்களில் எளிதாக்கியது. பெரிய வாசகர் கூட்டமுள்ள பதிவர் ஓரிருவருக்குத் தனிக் குறிப்பு அனுப்பப்பட்டது. ஒற்றைப் பதிவைச் சுட்டத் தயங்கும் அவர்கள், முப்பது பதிவுகளின் தொகுப்பு என்றால் எளிதில் சுட்டினர்.

எனினும் எல்லாவற்றையும்விட வலிமையானது இடம்பெற்றவர்களின் கைம்மாறே. இதழில் தம் பெயர் வந்தவர் ஒவ்வொருவரும், இதழ் வெளியாகியிருக்கிறது என்று தம் பதிவில் ஒரு குறிப்பு எழுதி அதைச் சுட்டவேண்டும் என்பது எழுதப்படாத விதி. தென்மாவட்டத் திருமண வீடுகளில் மொய் எழுதுவதைப் போன்றதே இது: யாரும் கேட்டு வாங்குவதில்லை, ஆனால் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது நோட்டில் இருக்கும். முப்பது பேரில் இருபது பேர் திருப்பிச் சுட்டினால் பொறுப்பாசிரியரின் ஒரு வார உழைப்புக்குப் பலன் கிட்டியது. ஐந்து பேர் மட்டுமே சுட்டினால், அடுத்த முறை அவர் பொறுப்பேற்கத் தயங்கினார். ஊதியமோ விளம்பர வருவாயோ இல்லாத ஓர் அமைப்பு, இந்தக் கைம்மாறு ஒன்றின் பலத்தில்தான் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

வந்தவை அனைத்தையும் சேர்ப்பதா, தேர்ந்தவற்றை மட்டும் சேர்ப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு திருவிழாவையும் பிரித்தது. அனைத்தையும் சேர்த்தால் இடம்பெறுவோரும் அதனால் திரும்பி வரும் சுட்டிகளும் பெருகும். ஆனால் எழுபது சுட்டிகள் கொண்ட இதழை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. கடுமையாகத் தேர்ந்தால் வாசகரின் நம்பிக்கை உயரும். விலக்கப்பட்டவரின் மனத்தாங்கலையும் ஏற்கவேண்டும். நீண்ட காலம் நிலைத்தவை பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கைக்கொண்டன: துறைக்குள் வரும் பதிவுகளைச் சேர்ப்பது, ஆனால் சிறந்த நான்கைந்தை மேலே வைத்து விரிவாக அறிமுகம் செய்வது.

படிவம் கொண்டுவந்த குப்பை

திருவிழாக்கள் பெருகியதும், அவற்றைப் பட்டியலிட்டு, ஒரே படிவத்தில் எந்தத் திருவிழாவுக்கும் பதிவை அனுப்ப உதவும் 'பிளாக்கார்னிவல்' என்ற தளம் தோன்றியது. ஒருங்கிணைப்பாளர்களின் சுமையைக் குறைத்த இந்த வசதியே, காலப்போக்கில் அவர்களின் பெருந்தலைவலியாகவும் ஆயிற்று. மின்னஞ்சல் எழுதி அனுப்பியவர் குறைந்தபட்சம் திருவிழாவின் பெயரையும் பொருளையும் அறிந்திருந்தார். படிவத்தை நிரப்பியவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. கடன் அட்டை, எடைக் குறைப்பு, இணையவழிப் பட்டப்படிப்பு ஆகியவற்றை விற்கும் தளங்களின் கட்டுரைகள், வரலாறு என்றும் மெய்யியல் என்றும் பாராமல் வந்து விழுந்தன.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பின்னூட்டங்களில் விளம்பரச் சுட்டிகளைத் திணிக்கும் வழக்கத்தை முறியடிக்க, 2005 ஜனவரியில் கூகுளும் யாகூவும் எம்எஸ்என்னும் 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றன. அக்குறி உள்ள சுட்டியைத் தேடுபொறி தரவரிசைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பின்னூட்டச் சுட்டிகள் இவ்வாறு மதிப்பிழந்தபின், இடுகையின் உள்ளேயே ஆசிரியர் கையால் இடும் சுட்டி முன்னிலும் விலைமதிப்புடையதாயிற்று. திருவிழா இதழ் அத்தகைய சுட்டிகளை இலவசமாக வழங்கும் இடம் என்பதைச் சுட்டி வணிகர்கள் அறிந்துகொண்டனர். அவர்கள் இதழில் இடம்பெற விரும்பினரே தவிர, திருப்பிச் சுட்டவோ பிறர் பதிவை வாசிக்கவோ விரும்பவில்லை. விலக்கவேண்டியவை பெருகப் பெருக, பொறுப்பாசிரியரின் வாசிப்பு இன்பம் குப்பை பொறுக்கும் வேலையாக மாறியது.

தமிழில் ஆசிரியர் வாரம்

தமிழ் வலைப்பதிவுலகம் இதே சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, அதாவது பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளைத் தானாகச் சேகரித்து ஒரே பக்கத்தில் காட்டும் தளம், புதியவரும் மூத்தவரும் ஒரே முகப்பில் அருகருகே தோன்ற வழிசெய்தது. இதனால் ஆங்கிலத்தில் திருவிழா செய்த வேலையின் ஒரு பகுதியை இங்கே திரட்டியே செய்துவிட்டது. ஆனால் திரட்டியின் முகப்பில் ஓர் இடுகை சில மணி நேரமே நிற்கும். புதியது வர வரப் பழையது கீழே இறங்கி மறையும். தேர்ந்தெடுத்து நிறுத்திவைக்கும் பணிக்கு மனிதரே தேவைப்பட்டனர். வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக முன்னிறுத்தும் ஏற்பாட்டைத் தமிழ்மணம் கொண்டிருந்தது.

2007இல் தோன்றிய வலைச்சரம், பதிவுத் திருவிழாவுக்கு மிக நெருங்கிய தமிழ் வடிவம். ஒவ்வொரு வாரமும் ஒரு பதிவர் அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்று, முதல் நாள் தம்மையும் தம் இடுகைகளையும் அறிமுகம் செய்துவிட்டு, மீதி நாட்களில் பிறருடைய பதிவுகளைக் கவிதை, சமையல், நகைச்சுவை, பயணம் எனப் பகுத்து அறிமுகம் செய்தார். அறிமுகமானவரின் பதிவுக்கே சென்று பின்னூட்டத்தில் செய்தியைச் சொல்வதும், அவர் வலைச்சரத்துக்கு வந்து நன்றி தெரிவிப்பதும், கூடவே மற்றவர்களின் வாழ்த்துகள் குவிவதும் அந்நாளில் பதிவர்களுக்கு நன்கு பழகிய காட்சிகள்.

இரண்டுக்கும் அமைப்பில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆங்கிலத் திருவிழாவில் இதழ் பதிவரின் வீட்டுக்குச் சென்றது; வலைச்சரத்தில் பதிவர் இதழின் வீட்டுக்கு வந்தார். முன்னதில் பொறுப்பாசிரியரின் பதிவுக்கே நேரடியாகக் கூட்டம் வந்ததால் ஊக்கம் அதிகம். ஆனால் இதழ்கள் நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளில் சிதறின. அவற்றில் பல பின்னாளில் மூடப்பட்டபோது, இடையிடையே இதழ்கள் காணாமற்போன பட்டியல்களே எஞ்சின. பின்னதில் ஆசிரியருக்குக் கிடைத்த கூட்டம் சற்றுக் குறைவென்றாலும், வாரங்கள் அனைத்தும் ஒரே முகவரியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. தமிழ்ப் பதிவுலகில் அக்காலத்தில் யார் யார் எழுதினார்கள், எவை பாராட்டப்பட்டன என்று தேடும் ஆய்வாளருக்கு இது வாய்ப்பான ஆவணம்.

தேய்வு

2006இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய செய்தியோடையும், அதே ஆண்டு தோன்றிய டுவிட்டரும், சுட்டியைப் பகிர்வதற்கான உழைப்பை ஒரு சொடுக்காகக் குறைத்தன. நல்ல பதிவொன்றைக் கண்டவர் அதை அடுத்த இதழுக்கு அனுப்பி இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நொடியே நண்பர்களிடம் சேர்த்துவிடலாம். 2006 ஜனவரியில் சீட் ஊடக நிறுவனம் தொடங்கிய சயன்ஸ்பிளாக்ஸ் போன்ற கூட்டுத் தளங்கள், பெயர் பெற்ற பதிவர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, அவர்களுக்குத் திருவிழாவின் தேவையை நீக்கின. முன்வரும் பொறுப்பாசிரியர்கள் குறைய, அட்டவணையில் வெற்றிடங்கள் தோன்றின. ஒருங்கிணைப்பாளரே அடுத்தடுத்து இதழை நடத்தவேண்டிய நிலை வந்தது. சுழற்சி நின்ற இடத்தில் திருவிழா வெறும் சுட்டித் தொகுப்பாகச் சுருங்கியது. டேங்கிள்டு பேங்க், கிராண்ட் ரவுண்ட்ஸ் உட்பட முன்னோடித் திருவிழாக்கள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

விதிவிலக்காக நின்றவற்றுள் கணிதத் திருவிழா முதன்மையானது. 'அபீரியாடிகல்' என்ற கணித வலைத்தளத்தின் குழு ஒருங்கிணைப்புப் பொறுப்பை எடுத்துக்கொள்ள, மாதம் ஒரு பதிவரிடம் சுழன்று அது 200 இதழ்களைக் கடந்தது. அது நிலைத்ததற்கான காரணங்கள், மற்றவை ஓய்ந்ததற்கான காரணங்களின் மறுபக்கமாகவே இருக்கின்றன: ஒருங்கிணைப்பு ஒரு தனிமனிதரின் தோளில் மட்டும் இல்லை, துறை குறுகியது என்பதால் புறம்பானவற்றை இனங்காண்பது எளிது, மாதம் ஒருமுறை என்ற வேகம் யாருக்கும் சுமையில்லை, எண்ணின் சிறப்பைச் சொல்லும் வழக்கம் ஒவ்வொரு பொறுப்பாசிரியருக்கும் தொடங்குவதற்கு ஓர் இடம் தருகிறது.

சமூக ஊடகங்கள் திருவிழாவின் வேகக் குறைவை நிவர்த்தி செய்தன. ஆனால் அது செய்த சமப்படுத்தும் பணியை அவை செய்யவில்லை. விருப்பக் குறிகளையும் பகிர்வுகளையும் எண்ணி வரிசைப்படுத்தும் ஓடை, ஷிர்க்கி 2003இல் கணக்கிட்ட அதே குவிதலை இன்னும் பெரிய அளவில் நிகழ்த்துகிறது. யாரும் அறியாத ஒருவரின் பதிவை முழுதாகப் படித்து, இதை வாசிக்கலாம் என்று தன் பெயரை அடகுவைத்துச் சொல்ல ஒருவர் முறைவைத்து முன்வரும் ஏற்பாடு அவற்றில் இல்லை. அந்த உழைப்பைச் செய்ய ஆள் கிடைத்தவரை திருவிழா நடந்தது. மென்பொருளோ படிவமோ அதை ஈடுசெய்யவில்லை.

வாசகர் தாமே தமக்கான தொகுப்பை அமைத்துக்கொள்ளும் மற்றொரு முயற்சி இதே ஆண்டுகளில் வளர்ந்தது. 2005 அக்டோபரில் தொடங்கி 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்ட கூகுள் ரீடரின் எழுச்சியையும், அது மூடப்பட்டதால் வலைப்பதிவு வாசிப்பில் நேர்ந்த மாற்றங்களையும் அடுத்த பகுதி ஆராயும்.